கட்டையின் ஆழம்

ஆர்மோனியம் வாங்க வருகிறவரிடம் இப்போது தவறாமல் ஓதப்படும் மந்திரம் "லைட் டச்". கட்டை தாழ்ந்திருக்கும், இறங்கும் ஆழம் குறைவு, தொட்டாலே இறங்கும், விரல் பறக்கும். இதற்குச் சொல்லும் நியாயமும் பழையதுதான்: ஒலியைக் கூட்டிக் குறைப்பது துருத்தி, கட்டை வெறும் சுவிட்ச். சுவிட்ச் எவ்வளவு இறங்கினால் என்ன?

வேகம் கூடுகிறது என்பது மெய். பியானோவில் சுத்தியலை எறியவேண்டியிருப்பதால் கட்டை சுமார் 10 மி.மீ. இறங்குகிறது, ஆர்மோனியத்தில் எறிய ஒன்றுமில்லை. ஒரு கட்டையோடு வேறு ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து இறக்கும் கப்ளரைப் போட்டு விடியும்வரை வாசிப்பவருக்கு மணிக்கட்டு வலி மிச்சம். சரி, புகழ்ந்தாயிற்று.

சிக்கல் உள்ளே இருக்கிறது. கட்டையின் முன்பக்கத்தை அழுத்தினால் பின்பக்கம் எழும்பி, தோல் ஒட்டிய மூடி துளையை விட்டு விலகும். அந்த இடைவெளியில்தான் நாக்கை (ரீடை) அதிரவைத்துத் தாண்டிவந்த காற்று வெளியேற வேண்டும். மூடியைச் சுற்றிலும் கிடைக்கும் வழி துளையின் பரப்புக்குச் சமமாக வேண்டுமானால், வட்டத் துளையில் விட்டத்தின் கால்பங்காவது மூடி உயர வேண்டும். துளை 40 மி.மீ. நீளமும் 12 மி.மீ. அகலமும் உள்ள செவ்வகம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு 4.6 மி.மீ. வரை போகும். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தே எழுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் வேண்டும். இதைச் சுவிட்ச் என்பது தண்ணீர்க் குழாயின் திருகைச் சுவிட்ச் என்பதைப் போல.

மூடி எழும் உயரம் போதாவிட்டால் நாதம் மூக்கடைத்துப்போகும்; சுருதியும் இழை அளவு இறங்கும். முதலில் அடிபடுவது கீழ்ஸ்தாயி. காற்று அதிகம் குடிப்பவை அங்குள்ள நீண்ட நாக்குகள்தாம். கடையில் நடு ஸ்தாயியில் நாலு சுரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வருகிறவருக்கு இது தெரிவதில்லை.

கொச்சியின் கொச்சங்காடியும் மட்டாஞ்சேரியும் இதைக் கவனிக்கவேண்டிய இடங்கள். பாடகர் மெஹபூப் (1926–1981) பாடித் திரிந்த ஊர் இது. 2018-இல் மறைந்த உம்பாயி ஆர்மோனியத்தைத் தாமே வாசித்துக்கொண்டு தணிந்த குரலில் கஜல் பாடியதும் இந்த மண்ணின் வழக்கம்தான். அப்படிப்பட்ட பாட்டுக்கு வேண்டியது ஓட்டமல்ல. குரல் சுரத்தை வந்து சேரும்போது பெட்டியும் மெல்லச் சேர வேண்டும். கட்டை பாதி இறங்கிய நிலையில் ஒலி கசிந்து, பிறகு மலர வேண்டும். ஆழம் உள்ள கட்டையில் இதற்கு இடம் உண்டு. ஆழம் இல்லாததில் ஒலி 'டக்' என்று வரும், 'டக்' என்று போகும்.

கமகம் வராது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துதான் 1940-இல் அகில இந்திய வானொலி இந்தக் கருவியை விலக்கியது. 1971 வரை கதவு திறக்கவில்லை. குற்றச்சாட்டு பெருமளவு சரி. ஆனால் கட்டையைப் பாதி அழுத்தித் துருத்தியைச் சற்று இறுக்கினால் சுரம் துளி வளையும். அக்கார்டியன்காரர்கள் நன்கறிந்த வித்தை. வழுக்கலென்று ஆர்மோனியத்துக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். அதையும் வேகத்துக்காக விற்றுவிடுகிறோம்.

பொத்தான் வைத்த கைத்துருத்திக் கருவியான கான்செர்ட்டினாவை வாசிப்பவர்களுக்கும் இதே வழக்கு உண்டு. அங்கே பொத்தான் பலகைமட்டத்துக்கு இறங்கிவிட்டால் விரல் பலகையில் முட்டும். ஆகவே பொத்தானின் உயரத்தையும் ஆழத்தையும் சேர்த்தே பேசுவார்கள். நம் பக்கம் கட்டையின் உயரம் பற்றிக் கேட்பாரில்லை.

கொச்சியின் மழைக்காலம் வேறு. மரம் ஊதும், கட்டைக்கு அடியிலுள்ள கம்பளித் துணி ஈரம் குடித்துத் தடிக்கும். ஆறு மில்லிமீட்டர் இறங்கும் கட்டையில் ஒன்று போனால் ஆறில் ஒரு பங்கு இழப்பு. மூன்றே இறங்குவதில் மூன்றில் ஒன்று. ஆடி மாதம் அந்தப் பெட்டியில் கப்ளரைப் போட்டு, கடைசிக் கீழ்க்கட்டையை மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும், சுவிட்ச் என்று வாதாடுபவர்கள்.