கழுத்துப் பட்டியில் யாருடைய பெயர்?

ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இம்முறையும் போனேன். சாமி கும்பிடப் போனேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 2002 இல் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அந்தத் தொழிற்பேட்டை வீதி தேரன்று எங்கள் சந்தையாகிவிடும். நான் சந்தைக்குப் போகிறவள்.

சேலைக் கடைகளுக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் ஒரு சிறு மேசை. இங்கேயே பிறந்து உடை வடிவமைப்புப் படித்த பிள்ளை ஒருத்தி, தன் சொந்தப் பெயரில் பெண்களுக்கான கைவேலை உடுப்புகளை அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். கைத்தறிப் பருத்தியில் சட்டைகளும் பாவாடைகளும். ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் அவளுடைய பெயர். கூட வந்த தோழி விலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு மூண்டு சீலை எடுக்கலாமடி" என்று என்னை இழுத்தாள். நான் நகரவில்லை.

எங்கள் நாட்டில் இந்த முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு: பாபறா சன்சோனி (1928-2022). பறங்கியர் சமூகத்தவர், இங்கிலாந்தில் கலை படித்தவர். நல்லாயன் கன்னியர் மடத்தினர் வறிய பெண்களுக்குத் தொழில் கொடுக்க நெசவு நிலையங்கள் நடத்தினார்கள். அவற்றுக்கு வடிவம் வரைந்து தரும்படி அவரைக் கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1964 இல் தொடங்கிய 'பெயார்ஃபூட்'. எங்கள் இடதுசாரி நண்பர்கள் பலருக்கு அது கொழும்புச் சீமாட்டிகளின் கடை, அவ்வளவுதான். பொருளியல் விரிவுரையாளராக இருந்த காலத்தில் நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கருத்தில் பாதியை இப்போது திருப்பி எடுக்கிறேன்.

ஏனென்றால் அந்தத் துணி நல்ல துணி. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் கடும் இளஞ்சிவப்பு, பச்சையோடு ஒட்டிக்கொண்டு நீலம். எங்கள் வீடுகளில் "பட்டிக்காட்டு நிறம்" என்று ஒதுக்கப்பட்டவை அங்கே ஒன்றையொன்று தூக்கி நிறுத்தின. பூவும் அன்னமும் இல்லை, வெறும் கோடுகளும் கட்டங்களும்தான். அதைச் செய்யத் துணிவு வேண்டும்.

தறியைக் கொஞ்சம் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். நெடுங்கோடு பாவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை மஞ்சள் என்று பாவு ஓடும்போது கணக்குப் பண்ணிவிட்டால், பிறகு நெய்கிறவள் அதை மாற்ற முடியாது. ஆனால் குறுக்குக் கோடு ஊடையில் வருகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் நாடாவை மாற்ற வேண்டும், இழைகளை எண்ண வேண்டும். பலகையை ஒரே பலத்தில் அடிக்க வேண்டும். ஒரு நாள் கை சோர்ந்தால் கட்டம் நீண்டுவிடும். ஆகவே கட்டம் போட்ட ஒரு முழத் துணியில் வரைந்தவரின் கண்ணும் நெய்தவளின் தோளும் சேர்ந்தே இருக்கின்றன. இதில் யாருடையது கலை, யாருடையது வெறும் உழைப்பு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. வியாபாரம் மட்டும் சுலபமாகப் பிரித்துவிடுகிறது.

சன்சோனி தன் பெயரைக் கடைக்கு வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'வெறுங்கால்' என்று வைத்தார். செருப்போடு வருகிறவர்கள்தான் அதை வாங்கினார்கள் என்பது வேறு கதை. ருக்மிணிதேவி நெசவுப் பிரிவு வைத்து வளர்த்த சேலைகளுக்கும் 'கலாக்ஷேத்திரா' என்ற நிறுவனப் பெயர்தான் நின்றது. நெய்தவர்களை யார் அறிவார்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடுப்பின் லேபிளில் நார் வகையும் அதன் வீதமும் இருந்தாக வேண்டும். நூறு வீதம் பருத்தி என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. தைத்தது யார் என்று சொல்லும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை. இது சின்ன விஷயமல்ல. 2012 செப்ரெம்பர் 11 இல் கராச்சியில் அலி என்ரர்பிறைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தைத்தவற்றில் பெரும்பகுதியை வாங்கிய 'கிக்' நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் பேனன் ஊன்ட்றொப்பிலிருந்து தூரமில்லை. தீ வைக்கப்பட்டது என்று பாகிஸ்தான் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. 'கிக்' இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் டோட்முண்டில் போட்ட வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று 2019 இல் தள்ளுபடியானது. அந்த மலிவு உடுப்புகளோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளையின் விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

இனி அவளுடைய வேலைக்கு வருகிறேன். வெட்டு நன்றாக இருக்கிறது. தோள் சரியாக விழுகிறது, பொக்கற் உண்டு (எங்கள் பெண்களின் உடுப்பில் பொக்கற்றைக் காண்பதே ஒரு புரட்சி). ஆனால் எல்லாவற்றின் ஓரத்திலும் கோபுரக் கரை. "எங்கட அடையாளம் அன்ரி" என்றாள். அடையாளம் அந்தத் துணியிலேயே இருக்கிறது, பிள்ளை. கரையில் வந்து கத்தத் தேவையில்லை. துணி எந்த ஊரில் நெய்தது என்று கேட்டேன். தமிழ்நாடு என்றாள், ஊர் தெரியவில்லை. மருதமுனையில் இன்னமும் தறி ஓடுகிறது என்றேன். எழுதிக்கொண்டாள். "கைவேலை" என்று துண்டுப்பிரசுரத்தில் நாலு இடத்தில் போட்டிருப்பவள், யாருடைய கை என்று அறியாமல் விற்கக்கூடாது.

"தைக்கிறது ஆர்?"

"அம்மாதான்."

அம்மா மேசைக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடாவோடு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அந்த பிளவுஸ் ஒன்றிலும் அவர் பெயர் இருந்ததில்லை. நானே இரண்டு போட்டிருக்கிறேன். "அம்மாவின்ர பெயரையும் பட்டியில போடும்" என்று மகளிடம் சொன்னேன்.

மகள் பதில் சொல்ல முதல் தாய் கையை ஆட்டினார். "வேண்டாம் ரீச்சர். அளவு பிழைச்சால் என்னைத்தான் கேட்பினம்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டு போடுவோம். அதில் பொதி கட்டியவரின் இலக்கம் இருக்கும். என் இலக்கம் 14. பெட்டியில் ஏதாவது குறைந்தால் தேடுவதற்காக அது. ஒழுங்காகக் கட்டிய பெட்டிக்காக இதுவரை யாரும் 14 ஐத் தேடியதில்லை.

நீலக் கட்டம் போட்ட சட்டையொன்றை வாங்கினேன். மகள் பையில் போடும்போது தாய் அதைத் திரும்ப வாங்கி, கைக்குழியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே அரை அங்குலம் விட்டிருப்பதாகவும், இறுக்கினால் கொண்டுவரும்படியும் சொன்னார்.