ஜப்பானியம் தெளிவற்ற மொழியா?

கல்விக்காகவோ பணிக்காகவோ ஜப்பான் செல்வோர் புறப்படுமுன்பே அம்மக்களைப் பற்றிச் சில முடிவுகளைக் கொண்டிருப்பர். அவற்றுள் பல, மொழியைப் பற்றியனவாக இருப்பது மொழியியலார் கருதத்தக்கது. 'ஜப்பானியர் மறுத்துரைப்பதில்லை', 'அவர்கள் மொழி தெளிவற்றது', 'அவர்கள் சொற்களைப் பெயர்க்க இயலாது' என்பன அடிக்கடி கேட்கப்படுபவை.

இக்கருத்துகளுக்கு நூல்வழி மரபொன்று உண்டு. ரூத் பெனடிக்ட் 1946இல் வெளியிட்ட 'செவ்வந்தியும் வாளும்', ஆசிரியர் ஜப்பானுக்குச் செல்லாமலே எழுதியது. போர்க்காலத்தில் வேறு வழியில்லை. அது அவர் குற்றமன்று. ஆயினும் 'ஒன்', 'கிரி' போன்ற சொற்களையே ஒரு சமுதாயத்தின் திறவுகோல்களாகக் கொள்ளும் முறை அதனால் வலுப்பெற்றது. உளமருத்துவர் தக்கேயோ தோய் 1971இல், பிறர் அன்பை நம்பிச் சலுகை கொள்ளுதலைக் குறிக்கும் 'அமாயெ' என்னும் சொல்லை ஆராய்ந்தார். அவ்வுணர்வு எங்கும் உள்ளதெனினும் சொல் ஜப்பானியத்திற்கே உரியது என்பது அவர் கொள்கை. கொரிய அறிஞர் ஈ ஓ-யோங் 1982இல், கொரிய மொழியில் அதற்கு ஈடான சொற்கள் உள்ளமையைச் சுட்டினார். ஐரோப்பிய மொழிகளோடு மட்டும் ஒப்பிட்டுத் தனித்தன்மை காண்பதன் குறை இது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் 'செல்லம் கொஞ்சுதல்', 'உரிமை எடுத்துக்கொள்ளுதல்' ஆகிய வழக்குகள் இடத்திற்கேற்பக் கைகொடுக்கும்.

தெளிவின்மை பற்றிய கூற்றே விரிவாக நோக்கத்தக்கது. எழுவாய் தொக்கு வருதலை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஜப்பானிய வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது என்பது உண்மை. எனினும் 'ஹோன் ஒ குரெத்தா', 'ஹோன் ஒ அகெத்தா' என்னும் இரு தொடர்களை நோக்குக. இரண்டும் 'நூல் கொடுத்தல்' பற்றியவை. கொடுத்தவரோ பெற்றவரோ சொல்லப்படவில்லை. ஆயினும் முன்னது பேசுவோரையோ அவரைச் சார்ந்தோரையோ நோக்கி வந்த கொடை. பின்னது பிறரை நோக்கிச் சென்ற கொடை. கேட்போருக்கு இதில் ஐயம் எழுவதில்லை. இடப்பொருள் விகுதியில் இல்லை, வினைச்சொல்லின் தேர்விலேயே அமைந்துள்ளது. உயர்வு வினைகளும் பணிவு வினைகளும் செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுவே. தருதலைத் தன்மை முன்னிலைகளுக்கும் கொடுத்தலைப் படர்க்கைக்கும் உரியனவாகத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்ததை அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. (முன்னிலையை எப்பக்கம் வைப்பது என்பதில் இருமொழிகளும் வேறுபடும், ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது.) தமிழில் மங்கிவிட்ட இவ்வேறுபாடு மலையாளத்தில் இன்றும் வழக்கிலுள்ளது.

மறுப்புச் சொற்களும் ஜப்பானியத்தில் குறைவில்லை. இரண்டு வயதளவில் குழந்தை எதற்கும் 'இயா' என்று மறுக்கும் பருவத்திற்கு 'இயாஇயாகி' என்றே பெயர். வணிகப் பேச்சில் மட்டும் 'கங்காயெத்தெ ஒகிமசு' என்பர். 'எண்ணிப் பார்க்கிறேன்' என்பது சொற்பொருள். வழக்கில் பெரும்பாலும் மறுப்பு. பெண் பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்த தமிழரைத் தெளிவற்ற மொழியினர் என்று எவரும் எழுதவில்லை. அதனை 'ஆராய்வதாக உறுதியளித்தார்' எனப் பெயர்ப்பவர், மறுப்பை இசைவாக்கி விடுகிறார்; பேச்சு முறிந்தபின் பழி ஜப்பானியரின் மனப்போக்கின்மேல் ஏற்றப்படுகிறது.