தேடுபொறியின் முதல் பக்கமும் போடி ஏலக்காயும்

போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்கள் கணினிக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. வியாபாரிகள் திரைக்கு முன் உட்கார்ந்து விலையை ஏற்றுகிறார்கள். அப்படியும் பொத்தானைத் தொடுமுன் அந்த லாட்டின் மாதிரிக் காய் அவரவர் கைக்கு வந்துவிட வேண்டும். பச்சை நிறம் நிற்கிறதா, காய் திரண்டிருக்கிறதா, வாய் பிளந்தது எவ்வளவு, உடைத்தால் உள்ளே அரிசி கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை. இதே வியாபாரி தன் கடைக்கு ஓர் இணையதளம் போட்டு, அதைக் கூகுளில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையை வெளியாளிடம் ஒப்படைக்கும்போது மட்டும் மாதிரியே கேட்பதில்லை. “பத்துச் சொல்லுக்கு முதல் பக்கம், மாதம் இவ்வளவு” என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்.

எஸ்.இ.ஓ. என்பதே ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கமிஷன் ஏஜெண்ட், வடநாட்டுத் தரகர், ஏற்றுமதிக் கம்பெனி என்று பல கை மாறித்தான் போடிக் காய் கடைசி வாடிக்கையாளரிடம் போகிறது. சூரத்தில் இனிப்புக்கடை வைத்திருப்பவரோ, துபாயில் காபித் தூள் அரைப்பவரோ நேராக இந்த ஊர்க் கடையைக் கண்டுபிடிக்க முன்பு வழியே இருக்கவில்லை. தேடுபொறி அந்த வழியைத் திறந்திருக்கிறது. விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் நின்றால் அன்றே விளம்பரமும் நிற்கும். ஒழுங்காக எழுதிய ஒரு பக்கம் ஆண்டுக்கணக்கில் ஆள் கொண்டுவரும். சிறிய முதலீட்டில் தொழில் செய்பவருக்கு இது பெரிய விஷயம்.

எந்தத் தேடலுக்கு எழுதுவது என்பதில்தான் திட்டம் பிழைக்கிறது அல்லது கெடுகிறது. ‘ஏலக்காய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதல் பக்கம் பிடிக்கப் போவது வீண் செலவு. விக்கிபீடியாவும் அமேசானும் சமையல் குறிப்புத் தளங்களும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. மூட்டைக் கணக்கில் வாங்குபவர் அப்படித் தேடுவதும் இல்லை. அவர் ‘8 எம்.எம். ஏலக்காய் மொத்த விலை’ என்று தேடுவார், லிட்டர் எடை கேட்பார். ‘ஏ.ஜி.இ.பி.’ என்ற தரப்பெயரைத் தட்டுபவருக்கு அது 7 மில்லிமீட்டருக்குக் குறையாத, ஒரு லிட்டர் அளவில் 435 கிராமுக்குக் குறையாமல் நிற்கும் காய் என்பது தெரியும். புவிசார் குறியீடு பெற்ற ‘ஆலப்பி கிரீன்’ என்ற பெயரிலேயே வெளிநாட்டுக்காரர் கேட்பார், போடி என்ற ஊரை அவர் அறிந்திருக்க மாட்டார். ஏலக்காய்க்கே வளைகுடாவில் ‘ஹேல்’ என்று பெயர், வடக்கே ‘எலாய்ச்சி’. இப்படித் தேடுபவர்கள் எண்ணிக்கையில் சொற்பம்தான். ஆனால் ஆர்டர் அவர்களிடமிருந்துதான் வரும்.

நான் பார்த்த கடைத்தளங்கள் பலவற்றில் இது ஒன்றுமே இல்லை. முகப்பில் மரக்கரண்டியில் குவித்த ஏலக்காய்ப் படம் இருக்கும், இணையத்தில் எங்கோ எடுத்தது. கீழே ‘முன்னணி ஏற்றுமதியாளர், சிறந்த தரம், நியாயமான விலை’. கடைக்காரரின் சொந்தச் சல்லடையில் விழுந்த 7, 8 எம்.எம். காயின் படம் கிடையாது, ஈரப்பதம் எவ்வளவு என்ற வரி கிடையாது, குறைந்தபட்சம் எத்தனை கிலோ அனுப்புவார் என்பதும் கிடையாது. அடுத்த பக்கத்துக்குப் போனால் ‘கோயம்புத்தூரில் ஏலக்காய் மொத்த வியாபாரி’, அதற்கடுத்து ‘சேலத்தில் ஏலக்காய் மொத்த வியாபாரி’. ஊர்ப் பெயர் மட்டும் மாறும், மற்றதெல்லாம் ஒரே பத்தி. கடையோ போடியில்தான் இருக்கிறது. இவற்றை வாசல் பக்கங்கள் என்று சொல்லி, தேடலை ஏமாற்றும் செயல்களின் பட்டியலில் கூகுள் வெகுநாளாக வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில், இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களையும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது. மென்பொருளிடம் சொல்லி ஒரே மாலையில் நூறு கட்டுரை இறக்கித் தருகிறேன் என்பவர், கடைக்காரர் பெயரில் ஒரு குற்றத்தைத்தான் எழுதித் தருகிறார்.

பிற தளங்களிலிருந்து தன் தளத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் இந்த வகைதான். 2011-இல் அமெரிக்கச் சில்லறைக் கம்பெனி ஜே.சி. பென்னிக்காக நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் பக்கங்கள் தேடலில் சரிந்தன. அவ்வளவு பெரிய கடை அடியைத் தாங்கிக்கொள்ளும். போடிக் கடைக்கு அந்தத் தெம்பு இல்லை.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு, நேர்மையான ஆட்களும் அதில் விழுகிறார்கள். மலையில் தினமும் தேடப்படுவது ‘இன்றைய ஏலக்காய் விலை’. வரத்து, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் ஸ்பைசஸ் போர்டு தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அதை எடுத்துப் போட்டு ஒரு பக்கம் நடத்தினால் பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், மாத அறிக்கையில் கோடு மேலே போகும், கடைக்காரரும் மகிழ்வார். ஆனால் அந்தப் பக்கத்துக்கு வருபவர் யார்? பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ஸ்டோர் எனப்படும் உலர்த்துகூடத்தில் காய் உலர்த்திவிட்டு, இன்று விற்கலாமா, இன்னும் ஒரு வாரம் வைக்கலாமா என்று யோசிக்கும் தோட்டக்காரர். அவர் விற்பவர். அவரால் கடைக்கு ஓர் ஆர்டரும் வராது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிபட்டு, அடுத்து மழையும் பொய்த்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த மாதிரி நேரத்தில் விலைப் பக்கங்களுக்குக் கூட்டம் தானாக வரும். அதை எஸ்.இ.ஓ.வின் வெற்றி என்று கணக்கில் எழுதுவது தவறு. பயிர் போன துயரத்தால் வந்த கூட்டம் அது.

தோட்டக்காரரிடம் காய் வாங்குவதே தொழில் என்றால் கதை வேறு. அப்போது அந்த விலைப் பக்கம் பொன். தளம் யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யாமல் எண்ணிக்கையைத் துரத்துவதுதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம். இடமும் பார்வையும் எண்ணுவதற்கு எளிது என்பதால் அவையே இலக்காகிவிடுகின்றன. மாதிரி அனுப்பச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகள் எத்தனை, அவற்றில் கூரியர் போனவை எத்தனை, பணம் வந்தவை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். ‘எங்களை எங்கே பார்த்தீங்க?’ என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். இதைக் கடைக்காரர்தான் செய்ய முடியும், வெளியாள் செய்ய முடியாது.

கால அட்டவணையும் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. வேலை தொடங்கிப் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுள் தரப்பே சொல்லியிருக்கிறது. முதல் இடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்றும் சொல்கிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். ரமலானோ ஒவ்வோர் ஆண்டும் பதினோரு நாள் அளவுக்கு முன்னே நகர்கிறது. வளைகுடா இறக்குமதியாளர் அதற்குச் சில மாதம் முன்பே சரக்குப் பிடிக்கத் தொடங்குவார். ஆக, அவருக்கான பக்கம் முதல் சுற்றுக் காய் ஸ்டோருக்கு வருமுன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். நோன்பு தொடங்கியபின் பரபரப்பாகப் போடும் பக்கம் யாருக்கும் உதவாது. மாதா மாதம் நாலு கட்டுரை என்று மழை, வெயில் பாராமல் ஓடும் ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

நிர்வாகத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தளத்தின் முகவரி, தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் கணக்கு, கூகுள் மேப்பில் கடையின் பதிவு, மூன்றும் உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால், உறவு முறியும் நாளில் பல வருட உழைப்பு அவரோடு போய்விடும். போடிமெட்டுச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில்லறை விற்பவருக்கு இந்த மேப் பதிவு ஒன்றே பாதி எஸ்.இ.ஓ. கடை திறக்கும் நேரம், சொந்தப் படங்கள், வாங்கியவர்கள் தாமாக எழுதிய கருத்துகள் இருந்தால் அவருக்கு வேறு எஸ்.இ.ஓ. சேவை எதுவும் தேவைப்படாது.

தீர்க்க முடியாத குறை ஒன்றும் இருக்கிறது. தேடுபொறி காயை முகர்ந்து பார்ப்பதில்லை. சாயம் ஏற்றிய காயை விற்பவரின் பக்கம், கவனமாக உலர்த்தி நிறம் காத்தவரின் பக்கத்துக்கு மேலே நிற்கலாம். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த கூகுளின் ஏ.ஐ. சுருக்கமோ, லிட்டர் எடை என்றால் என்ன என்ற கேள்விக்கு மேலேயே பதில் சொல்லிவிடுகிறது. அதை விளக்கி எழுதிய கடைக்காரரின் பக்கத்துக்கு ஆள் வர வேண்டியதில்லை. பொது அறிவை எழுதி ஆள் சேர்க்கும் காலம் தேய்கிறது. அந்தக் கடையிடம் மட்டுமே இருக்கும் தகவலின் மதிப்பு இன்னும் குறையவில்லை: இந்தப் பருவத்துக் காயின் எடை, அளவு, ஈரம், ஆய்வகச் சான்று. பூச்சிமருந்து எச்சத்தால் சவுதியில் இந்திய ஏலக்காய்க்குச் சிக்கல் வந்த பிறகு, வெளிநாட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான். லாட்டு எண்ணோடும் தேதியோடும் அதைத் தளத்தில் போடுவதற்கு எந்த எஸ்.இ.ஓ. கம்பெனியும் தேவையில்லை. அப்படிப் போடும் கடைகள் போடியில் பெருக வேண்டும் என்பதே என் ஆசை. சான்று வாங்கும் அளவுக்குக் காய் சுத்தமாக இல்லையென்றால், வேலை தொடங்க வேண்டிய இடம் தோட்டம், தளமல்ல.