எடையில்லா முன்னச்சு

பினாங்கின் ஜோர்ஜ் டவுனில், சூலியா தெருவில் சவாரிக்கு நிற்கும் திரிஷாவில் பயணிகள் முன்னிரு சக்கரங்களுக்கு நடுவே அமர்கிறார்கள், மிதிப்பவர் பின்னால். வீட்டில் கட்டிய டியூன் பக்கி என்னும் மணல்வெளி வண்டியின் அமைப்பு இதற்கு நேரெதிர். எஞ்சின் பின்னச்சுக்கும் அப்பால் தொங்குகிறது, முன்புறம் எடையின்றிக் கிடக்கிறது. அதன் முன் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் மாற்றுவோரின் வேலையை இந்த எடைப் பங்கீட்டை வைத்தே மதிப்பிட வேண்டும். விலையுயர்ந்த உறுப்புகளைப் பூட்டிய வண்டிகள் பலவும் தோற்பது இந்தச் சோதனையில்தான்.

புரூஸ் மேயர்ஸ் கலிபோர்னியாவில் 1964-இல் தொடங்கிய மேயர்ஸ் மாங்ஸ் இவ்வகையின் முன்மாதிரி. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டைச் சுமார் 37 சென்டிமீட்டர் குறுக்கி, ஃபைபர்கிளாஸ் உடலை மேலே பொருத்துவது அதன் பரவலான வடிவம். முறையின் எளிமை பாராட்டத்தக்கது. ஆனால் சுமார் 800 கிலோ காருக்காக வகுத்த, முறுக்கத்தால் ஸ்பிரிங்காகச் செயல்படும் டார்ஷன் பார்கள், ஏறக்குறைய 600 கிலோ வண்டியின் கீழ் அப்படியே தங்கிவிடுகின்றன. முன்புறம் விறைக்கிறது, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டெழுகிறது. டயர் தரையைத் தொடாதபோது எந்தப் பிரேக்காலும் வண்டியை நிறுத்த முடியாது.

ஆகவே சஸ்பென்ஷனில் முதல் திருத்தம் விறைப்பைக் குறைப்பது. முன்னச்சுக் குழாய்க்குள் அடுக்கியிருக்கும் டார்ஷன் இலைகளில் சிலவற்றை நீக்கி, குறைந்த எடைக்கேற்ற ஷாக் அப்சார்பரைப் போடுவது செலவு குறைந்த வழி, பலனோ பெரிது. அழகுக்காக முன்புறத்தைத் தாழ்த்துவதை ஏற்க இயலாது. ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வாகிய கேஸ்டர் கோணம் அதனால் குறைகிறது, வேகத்தில் ஸ்டீயரிங் அலைகிறது. முன்னச்சின் கீழ்க்குழாய்க்குப் பின்னே ஷிம் என்னும் தகட்டை வைத்துக் கோணத்தை மீட்காதவரை அந்த வேலை முடிந்ததாகாது. பீட்டிலின் 1966 மாடலில் வந்த பால் ஜாயிண்ட் பராமரிப்புக்கு எளிது. ஆனால் சக்கரம் அதிகம் ஏறி இறங்கும்போது இறுகும். பழைய கிங் பின் அமைப்பு அடிக்கடி கிரீஸ் கேட்கும், ஆனால் கரடுமுரடைத் தாங்கும். மணலுக்குக் கிங் பின், தார்ச்சாலைக்குப் பால் ஜாயிண்ட் என்பேன்.

பிரேக்கில் வாதம் கூர்மையாகிறது. முன் டிஸ்க்கே மேம்பாட்டின் உச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு: பினாங்கின் மழையில் தேங்கிய நீரைக் கடந்ததும் டிஸ்க் உடனே உலர்ந்து பிடிக்கும், நீர் புகுந்த டிரம் சற்று நேரம் வழுக்கும். ஆனால் எடை குறைந்த முன்சக்கரம் ஈரத்தில் எளிதில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. குறுகலான, பாதசாரிகள் நிறைந்த சூலியா தெருவில் நிற்கும் தூரத்தைப் போலவே திரும்பும் திறனும் உயிரைக் காக்கும். முன்பின் சமநிலையைச் சரிபார்க்காத டிஸ்க் மாற்றத்தை மேம்பாடு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தம் எஞ்சும்படி காக்கும் வால்வு இருக்கும். முன் டிஸ்க்குக்குச் செல்லும் சர்க்யூட்டில் அதை அகற்றாவிட்டால் பேட் உரசிக்கொண்டே ஓடும், சூடேறும். பலர் தவறவிடும் நுணுக்கம் இது.

என் வரிசையில் முதலிடம் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு. பழைய ஒற்றைச் சர்க்யூட்டில் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் பிரேக் இழக்கும். இரட்டையில் ஒரு பாதியேனும் எஞ்சும். இது கண்ணுக்குத் தெரியாத உறுப்பு என்பதால் இதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. ஆயினும் மற்ற எந்த உறுப்பைவிடவும் இதற்கே தகுதி அதிகம்.

மணலில் மட்டும் ஓடும் வண்டியில் முன் பிரேக்கையே விலக்கிப் பின் பிரேக்கால் திரும்புவோர் உண்டு. அந்தக் களத்தில் அது முரணற்ற தேர்வு. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலோடு ஜோர்ஜ் டவுன் சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு அந்த வாதம் செல்லாது. இங்கே மென்மையான முன் டார்ஷன், சீரான கேஸ்டர், இரட்டைச் சர்க்யூட், நல்ல நிலையில் உள்ள டிரம் கொண்ட வண்டி, சமன்செய்யாத டிஸ்க் வண்டியைவிட மேலானது என்பதே என் தீர்ப்பு. பின் பிரேக்கோடு பொருத்திச் சோதித்த டிஸ்க் கிடைத்தால் மட்டும் அதை மாற்றுவேன்.