வேடன் கண்ட மானும் நபிகளார் கண்ட மானும்

"டீச்சர், மக்காவில எங்க டீச்சர் வயல்?"

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்திலிருந்து சில பாடல்களை உயர்தர வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். மேகம் திரண்டு மழை பொழிகிறது, வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வயலில் புகுகிறது, உழவர் உழுகிறார்கள், பெண்கள் நாற்று நடுகிறார்கள் என்று நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டு போன நேரம். அவளுடைய வாப்பா முந்திய வருடம்தான் உம்ராவுக்குப் போய் வந்திருந்தார். அவர் போனில் எடுத்து வந்த வீடியோவில் பார்த்த இடமெல்லாம் கல்லும் மலையும்தானாம். "ஒரு புல்லுக்கூட இல்ல டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது.

நான் வழமையான விடையைச் சொன்னேன். காப்பியம் என்றால் நாட்டு வளம் பாட வேண்டும், தமிழில் காப்பியம் செய்த புலவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், உமறுப் புலவர் கம்பனின் வழியில் நின்று அரபு நாட்டைத் தமிழ் நாடாகப் பாடினார் என்றேன். பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அவளுடைய முகத்தில் திருப்தி இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது எனக்கும் இல்லை.

இந்தப் படலத்தைப் பற்றி நாம் இதுவரை கதைத்து வந்தவை இரண்டே இரண்டு கட்சிகள். ஒன்று, இது பொய்யான வருணனை, பாலைவனத்தில் நெல் விளைவித்த கதை என்பது. மற்றது, இது காப்பிய மரபு, குறை சொல்லக் கூடாது என்பது. இரு தரப்பாரும் வயலையே பார்க்கிறார்கள். அந்த வயலை யார் பார்க்கிறார், எந்த மனநிலையில் பார்க்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. இலக்கிய விமர்சனத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். கண் ஒரு கண்ணாடி அல்ல. முன்னால் இருப்பதையெல்லாம் அது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மனம் எதைத் தேடுகிறதோ, எதற்குப் பயப்படுகிறதோ, எதற்காக ஏங்குகிறதோ, அதைத்தான் கண் முதலில் காண்கிறது.

நம்முடைய சங்கப் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குறுந்தொகையில் இரண்டு கொன்றைப் பாட்டுகள் இருக்கின்றன. கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. இதுதான் இரண்டு பாட்டுக்கும் நிலைமை. கோவர்த்தனார் பாடிய 66ஆம் பாட்டில் தோழி பேசுகிறாள். பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார்மழை என்று நினைத்து ஏமாந்து பூத்துவிட்ட மடத்தனமான மரங்கள் இவை என்று கொன்றையின் மேல் பழி போடுகிறாள். ஓதலாந்தையார் பாடிய 21ஆம் பாட்டில் தலைவியே பேசுகிறாள். காடு முழுவதும் பூத்துக் கார்காலம் வந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறது. அவளுக்கும் பூத் தெரிகிறது. அதன் அழகும் தெரிகிறது. ஆனாலும் அவள் நம்ப மறுக்கிறாள். தலைவர் பொய் சொல்லமாட்டார், ஆகவே இது கார்காலமாக இருக்க முடியாது என்பது அவளுடைய தர்க்கம்.

மரம் ஒன்றுதான். தோழி அதில் ஒரு முட்டாளைக் காண்கிறாள். தலைவிக்கு அது பொய்ச் சாட்சி. தாவரவியல் தெரிந்த ஒருவர் இரண்டு பெண்களுமே பிழை என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் நாம் அந்தப் பாட்டை வாசிப்பது கொன்றை எந்த மாதத்தில் பூக்கும் என்று அறிவதற்காக அல்ல. ஒரு பெண்ணின் நம்பிக்கை அவளுடைய கண்ணையே எதிர்த்து நிற்கிறதே, அதைக் காண்பதற்காகத்தான். அவளுடைய பார்வையில் இருக்கும் பிழைதான் பாட்டின் உயிர்.

அல்குர்ஆனில் யூசுப் அத்தியாயத்தை ஓதுகிறவர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. யூசுப் நபியைக் கண்ட பெண்கள் கையில் இருந்த கத்தியால் தங்கள் கைகளையே வெட்டிக்கொள்கிறார்கள். கவனம் முழுவதும் ஓரிடத்தில் போய் நின்றுவிட்டதால் கையில் கத்தி இருப்பதே மறந்துபோகிறது. அதே அத்தியாயத்தில், பல வருடம் கழித்துத் தானியம் வாங்க வந்த சகோதரர்களை யூசுப் நபி அடையாளம் கண்டுகொள்கிறார். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. கிணற்றில் தள்ளியவன் இந்த ஆசனத்தில் இருப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எங்கோ தூரத்தில் இருந்த தகப்பனார் யஃகூப் நபிக்கு, சட்டையோடு ஆள் புறப்பட்ட உடனேயே மகனின் வாசம் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கிழவரின் பழைய மயக்கம் என்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அங்கே எந்த வாசமும் இல்லை.

இன்றைய உளவியலாளர்கள் இதன் ஒரு பக்கத்தைப் பரிசோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். டானியல் சைமன்ஸ், கிறிஸ்தோபர் சாப்ரிஸ் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இது. சிலர் கூடைப்பந்து எறிந்து விளையாடும் ஒரு சிறிய படத்தைக் காட்டி, வெள்ளை உடுப்புக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் அதைக் காணவே இல்லை. படிக்காதவர்களின் பிரச்சினை இது என்றும் சொல்ல முடியாது. 2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் புற்றுக் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க நிபுணர்களிடம் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். 24 பேரில் 20 பேருக்கு அது தெரியவில்லை. அவர்கள் தேடியது கட்டியை. கொரில்லாவை அல்ல.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நான் திருத்தும் விடைத்தாள்கள்தான். 'இயற்கை வருணனை', 'உவமைச் சிறப்பு', 'கற்பனை நயம்' என்று தலைப்புப் போட்டு நாங்கள் தேடுவதும் கட்டிகளைத்தான். தேடியது கிடைத்தால் சரி என்று அடையாளம் போடுகிறோம். நடுவில் எது நடந்து போனாலும் தெரிவதில்லை.

இனி சீறாவுக்கு வருவோம். மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட நூல் அது. அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு நான் நாட்டுப் படலத்தையும் மானுக்குப் பிணை நின்ற படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அப்போது எனக்குத் தோன்றிய முடிவு இதுதான்: நாட்டுப் படலத்தின் குறை அரபு நாட்டில் வயல் இல்லை என்பதல்ல, அந்த வயலைப் பார்க்க ஆள் இல்லை என்பதே. மழையும் வெள்ளமும் நாற்றும் வரிசையாக வருகின்றன. யாருடைய பசியும் யாருடைய ஏக்கமும் அவற்றில் ஒட்டவில்லை. எந்தக் காப்பியத்தின் முன்னால் வைத்தாலும் பொருந்தும்.

மான் படலம் அப்படி அல்ல. கதை நம் வீடுகளில் உம்மாமார் சொல்லித் தெரிந்த கதைதான். வேடனின் வலையில் பெண்மான் ஒன்று அகப்பட்டுவிடுகிறது. நபிகளார் (ஸல்) அவ்வழியே வருகிறார்கள். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று மான் மன்றாடுகிறது. நபிகளார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். போன மான் சொன்னபடியே, குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இந்தக் கதையில் ஒரே ஒரு மானை இரண்டு பேர் பார்க்கிறார்கள். வேடனுக்கு அது உணவு. பாடுபட்டுப் பிடித்ததை விட்டுவிட்டால், காட்டுக்குப் போன மான் திரும்பி வருமா என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி. வேட்டைக்காரனாக நின்று பார்த்தால் அதைவிட வேறு கேள்வி தோன்றாது. நபிகளாருக்கோ அது ஒரு தாய். வலையும் காடும் மானும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான். வேடனைக் கெட்டவனாகக் காட்டிவிட்டு உமறு கதையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவனுக்கு எது தெரிந்தது, எது தெரியாமல் போனது என்பதையே காட்டுகிறார். குட்டியோடு மான் திரும்பி வந்து நிற்கும் இடத்தில் அவனுடைய கண்ணும் திறக்கிறது. 'பிணை' என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருள், பொறுப்பு நிற்றல் என்றும் பொருள். படலத்தின் பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன.

இந்த முடிவோடு அடுத்த கிழமை வகுப்புக்குப் போனேன். நாட்டுப் படலத்தைப் பற்றி என் தீர்ப்பைச் சொன்னேன். அதே பிள்ளைதான் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"உமறுப் புலவர்ட ஊர் எப்படி டீச்சர்? மழை பெய்யுமா?"

எட்டயபுரம், கீழக்கரைப் பக்கமெல்லாம் மழை குறைந்த வறண்ட பூமி என்றேன்.

"அப்ப சரிதானே டீச்சர். மழை இல்லாத ஊர்க்காரர், தனக்கு விருப்பமானவங்கட ஊருக்கு மழையக் குடுத்திருக்கார்."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பது உமறுவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இப்றாஹீம் நபியின் பிரார்த்தனையிலேயே அது வருகிறது. அந்த ஊராருக்குக் கனிகளை உணவாகக் கொடு என்றும் அதே பிரார்த்தனை கேட்கிறது. அப்படியானால் அந்தப் படலம் அறியாமையும் அல்ல, வெறும் மரபும் அல்ல, ஒரு வகைத் துஆ என்று வாசிக்கவும் இடம் இருக்கிறது. பிள்ளை சொன்னதை நான் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் படலத்தில் அச்சில் வார்த்தது போன்ற பாடல்கள் நிறைய உண்டு. அவற்றை அன்பு என்ற ஒரு சொல்லால் காப்பாற்ற முடியாது. ஆனால் அங்கே பார்க்க ஆள் இல்லை என்று இனி என்னால் துணிந்து சொல்ல முடியாது. வறண்ட மண்ணில் நின்று மழையைப் பார்த்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். இத்தனை வருடம் படிப்பித்தும் அவரைக் காணாமல் விட்டது என் கண்தான்.

இலக்கியத்துக்கு வெளியே இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21இல் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மே மாதம். ஹபாயா அணிந்து பஸ்ஸில் ஏறுவது எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையில் இருந்த புத்தகப் பையைக்கூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் என் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி சடாரென்று எழுந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு எரிந்தது. எழுந்து போன வேகம், திரும்பிப் பார்க்காத முகம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரவு வீட்டில் சொல்லி அழுவதற்கான வசனங்கள்கூட மனதில் தயாராகிவிட்டன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து, பிள்ளையின் வாயருகே ஷொப்பிங் பேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் இருந்தபோதே அந்தப் பிள்ளை முகம் வெளிறிப்போய்த்தான் இருந்திருக்கும். நான் அதைக் காணவில்லை.

உண்மையிலேயே என்னைக் கண்டு எழுந்து போனவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். அதை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அவர்களுடைய பயம் என் உடுப்பில் எதையோ கண்டது. என்னுடைய பயம் ஒரு தாயின் அவசரத்தில் வெறுப்பைக் கண்டது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கைச் சொல்கிறார். பக்கத்துச் சீட்டு என்று ஐந்தாவது ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. அதை நாங்கள் இரண்டு தரப்பாரும் சேர்ந்துதான் சேர்த்துக்கொண்டோம்.

அதனால்தான் விமர்சனத்தை வெறும் புள்ளி போடும் வேலையாக வைத்திருக்க வேண்டாம் என்கிறேன். இங்கே பார்ப்பவர் யார், அவர் எந்த மனநிலையில் பார்க்கிறார், அதனால் அவருக்குத் தெரியாமல் போனது என்ன என்ற மூன்று கேள்விகளை ஒரு பாட்டின் முன்னால் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு பஸ்ஸிலும் அதைக் கேட்கக்கூடும். எல்லா நாளும் கேட்காது. நானே கேட்கவில்லை. ஆனாலும் பழக்குவதற்கு எங்களிடம் இருப்பது இந்தப் பாட்டுகள்தான்.

இந்தத் தவணை மான் படலத்தைத் தொடங்கும்போது, கதை தெரிந்த பிள்ளைகளிடம், வலையில் விழுந்த மானைக் கண்ட வேடனாக நின்று நாலு வரி எழுதச் சொன்னேன். அநேகமானோர் "பாவம், கண்ணீர் விடுகிறது" என்று எழுதினார்கள். அது நபிகளாருடைய பார்வை, வேடனுடையது அல்ல என்று திருப்பிக் கொடுத்தேன். ஒரு பையன் மட்டும் சரியாக எழுதியிருந்தான்: "நல்ல கொழுத்த மான். வீட்டில எல்லாருக்கும் காணும்." அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். பிறகு, மான் குட்டியோடு திரும்பி வந்த இடத்தில் அதே வேடனாக நின்று இன்னும் நாலு வரி எழுது என்று தாளை அவனிடமே நீட்டினேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை யோசித்துக்கொண்டிருந்தான்.