டம்மி மூடி இருந்த இடத்தில்

கார் டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், எதற்கும் பயன்படாத டம்மி மூடிகள் இரண்டு மூன்று இருக்கும். விலை கூடிய மாடலில் அங்கே சுவிட்ச் வரும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கண் முதலில் அங்கேதான் போகும். டேஷ்போர்டில் ஓட்டை போடாமல், மூடியைக் கழற்றிவிட்டு அதே அளவுச் சுவிட்சைப் பொருத்துவார். உள்ளே எரியும் விளக்கின் நிறம்கூட மற்ற சுவிட்சுகளோடு ஒத்துப்போகும். கம்பெனியிலேயே வைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கண்ணில் படாத வேலை இன்னும் அழகு. சுவிட்ச் பனிவிளக்குக்கு என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் பனிவிளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியே போனால் சூடேறி உருகிவிடலாம். அதனால் சுவிட்ச், அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலேயை மட்டும் இயக்கும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாகத் தனியே போகும். புது வயர்கள் துணி டேப் சுற்றி, பழைய வயர்க்கட்டோடு சேர்ந்தே ஓடும், மேடுபள்ளத்தில் கடகடக்காது. மஞ்சள் நிற ஏர்பேக் வயர் பக்கம் கையே போகாது. இந்தப் பொறுமைக்குத்தான் கூலி, தாராளமாகக் கொடுக்கலாம்.

நீங்கள் செய்யக் கொடுத்தால், ஃப்யூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.