மழைக்கு ஒரு கோடு

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியில் சிறிது தூரம் வடக்கே போனால் அலுவிகாரைப் பாறைகள். பௌத்த மறைநூலான திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்ட இடம் என்று எல்லாரும் ஏடுகளைத் தேடுவார்கள். நான் அண்ணாந்து பார்ப்பது குகை வாசலுக்கு மேலே உளியால் வெட்டிய ஒரு கோட்டை.

மழைநீர் பாறையை விட்டு விலகாது. ஒட்டிக்கொண்டே வழிந்து உள்ளே வந்துவிடும். அந்த வெட்டு விளிம்பை எட்டியதும் பிடி விடுகிறது. துளித்துளியாய் வெளியே விழுகிறது. உள்ளே துறவியும் ஏடும் நனையவில்லை. கட்டடக்கலையின் முதல் பாடம் அதுதான்: மழையோடு சண்டை பிடிக்காதே, வழி காட்டு.

அதே பாடம்தான் பின்னர் ஓட்டுத் தாழ்வாரமானது, யாழ்ப்பாணத்து நாற்சார் வீடானது, சிங்கள ஊர்களின் நடுமுற்றமானது.

அந்த முற்றம் நகரத்துக்கும் வந்தது. அலுவிகாரைக் குடும்பத்துப் பெண், பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா. அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டின் நடுவே பெரிய முற்றம்; சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். நகரத்துச் சிறு காணிக்குள் ஊர் வீடு குடியேறியது. பிற்காலத்தில் அந்த வீட்டையே பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் கட்டினார்கள்.

வீடு இடம் மாறலாம். கூரை விளிம்பில் மழை சொட்டும் சத்தம் மட்டும் மாறுவதில்லை.